தஞ்சோங் டாவாயில் சுறா அறுத்தவள்

சுறாவின் வயிற்றைக் கிழித்து, அது என்ன தின்றது என்று பார்ப்பதற்குச் சம்பளம் கொடுத்து ஒருத்தியை வைத்திருந்தார்கள் என்றால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்கள் போகட்டும். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் தஞ்சோங் டாவாயில் செல்லாயி செய்த வேலை அதுதான்.

ஐம்பத்தொன்றாம் ஆண்டு மெர்போக் ஆற்றின் வாயில் ஊரடங்கு போட்டார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் படகில் அரிசி போகிறது என்று சந்தேகம். மாலை ஐந்து மணிக்குமேல் ஒரு படகும் அசையக்கூடாது என்றதும் கெம்போங் என்ற கானாங்கெளுத்தி மீன்பிடிப்பு படுத்துவிட்டது. பிடிக்காத மீனெல்லாம் கடலில் பெருகிக் கிடக்கும், தடை நீங்கியதும் அள்ளிக்கொள்ளலாம் என்று மீனவர்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

புதிதாக வந்திருந்த மீன்வளத் துரை அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். நாம் விட்டுவைத்ததை வேறொருவன் தின்றுகொண்டிருப்பான் என்றார். கெம்போங் பெருகினால் சுறா பெருகும். சுறா பெருகினால் கெம்போங் குறையும். கெம்போங் குறைந்தால் சுறா பட்டினி கிடக்கும். இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் தாளில் கோடாகப் போட்டுவிட்டால், எந்த மாதம் எத்தனை வலைகளை விடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது அவருடைய திட்டம். அதற்கு அவருக்கு முக்கியமாக இரண்டு விவரங்கள் வேண்டியிருந்தன. ஒரு சுறாவின் வயிற்றில் எவ்வளவு மீன் இருக்கிறது? அந்த வயிறு காலியாக எத்தனை நாள் ஆகிறது?

இரண்டாவதைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு சுறாக்களை வேலியடைப்புக்குள் உயிரோடு விட்டு, ஒரே சமயத்தில் தீனி போட்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக அறுத்துப் பார்த்தார்கள். முதல் நாள் தோல் உரியும், இரண்டாம் நாள் சதை கரையும், மூன்றாம் நாள் முடிவதற்குள் வயிறு கழுவிவிட்ட சட்டிதான். செல்லாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் விரலால் அழுத்திப் பார்த்து, இது இன்றைக்குக் காலையில் தின்றது, இது நேற்றுத் தின்றது என்று துரைக்கே பாடம் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அவள் சொல்லச் சொல்லப் படிவத்தில் எழுதுபவர் அய்யூப். தமிழ் முஸ்லிம், ஊரில் அண்ணனின் மளிகைக்கடையை விட்டுவிட்டு அரசாங்க உத்தியோகம் என்று வந்தவர். படிவத்தில் கெம்போங், நெத்திலி, இறால், கணவாய் என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. எதிலும் சேராதது 'மற்றவை' என்ற கடைசிக் கட்டத்துக்குப் போகும். அந்தக் கட்டம்தான் வரவரப் பயமுறுத்தியது. ரப்பர் பால் எடுக்கும் மங்கு வந்தது. ஒற்றைச் செருப்பு வந்தது. துளை போட்ட சார்டின் டின் வந்தது. காட்டுக்குப் போய்விடக் கூடாது என்று கடைக்காரர்கள் டின்னைத் துளைத்துத்தான் விற்கவேண்டும் என்பது அப்போதைய சட்டம். தோட்டத்துச் சாமானெல்லாம் ஆற்றோடு வந்து சுறாவின் வயிற்றில் சேர்ந்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அறுத்த குடலை, சுறா அறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஓடும் சிற்றோடையில் கொட்டுவார்கள். சில மாதங்களில் சுறாக்கள் அந்த நேரத்தைக் கற்றுக்கொண்டன. பிற்பகல் மூன்று மணிக்குக் கடல்பக்கமிருந்து முதுகுத் துடுப்புகள் ஒவ்வொன்றாக ஓடைக்குள் நுழையும். வாளியைச் சாய்ப்பதற்கு முன்பே வந்து, சத்தமில்லாமல் வட்டம் போட்டுக் காத்திருக்கும். செல்லாயி வாளியைச் சாய்த்ததும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிவிடுவாள்.

அவளுக்குப் பயப்பட வேறு காரணமும் இருந்தது. புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால்வெட்டிய அவள் புருஷன் முருகையா, ஒருநாள் காலை பெரட்டில் பேர் கொடுக்கப் போனவன் திரும்பவில்லை. காட்டுக்குள் போய்விட்டான் என்று போலீஸ் முடிவு கட்டியது. செல்லாயியைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றினார்கள். அதன் பிறகுதான் இந்தச் சுறா வேலைக்கு வந்தாள். வாரம் ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போய் நிற்கவேண்டும். கடைசியில், மாத முடிவுக்குள் புருஷன் இருக்கும் இடத்தைச் சொல்லாவிட்டால் அவளையும் எட்டு வயது மகளையும் பினாங்கில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவதாக இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். செல்லாயி பிறந்தது கரங்கான் தோட்டத்து லயத்து வீட்டில். இந்தியாவில் அவளுக்கு யாரைத் தெரியும்? போய் எந்த வாசலில் நிற்பாள்?

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் அழுதாள். அய்யூப் படிவத்தை ஒதுக்கி வைத்தார்.

"தங்கச்சி, அவரு ஒடம்புல அடையாளம் ஏதும் இருக்கா?"

"எதுக்கு பாய் கேக்குறீங்க?"

"சொல்லும்மா."

"எடது கால்ல ஆறு வெரலு. சுண்டு வெரலோட ஒட்டிக்கிட்டு ஒண்ணு."

அய்யூப் அன்றைய படிவத்தை இழுத்து, 'மற்றவை' கட்டத்தில் நிதானமாக எழுதினார். ஆணின் இடது கால், கணுக்காலுக்குக் கீழே, ஆறு விரல், பாதி செரித்தது. துரை கடைசிக் கட்டத்தை என்றைக்குமே படித்ததில்லை. கையெழுத்து மட்டும் போடுவார். வெள்ளைக்காரன் கையெழுத்துப் போட்ட தாளுக்கு எந்தப் போலீஸ் மாத்தாகாரனும் மறுபேச்சுப் பேசமாட்டான்.

"பாவம்லா பாய் இது," என்றாள் செல்லாயி.

"பாவந்தான். எம்மேல போட்டுக்க. அவரு எங்கயோ நல்லா இருந்துட்டுப் போவட்டும். நீயும் புள்ளையும் இங்க இருக்கணும்ல?"

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கிப் படித்தார், தொப்பியைக்கூடக் கழற்றினார். கால் குடலோடு ஓடையில் போய்விட்டது என்றதை நம்பிக் கோப்பை மூடிவிட்டார். ஆனால் மூடிய கோப்புக்கு ஏற்றபடி ஊரும் நடக்கவேண்டுமே. பதினாறாம் நாள் ஆற்றங்கரையில் கருமாதி நடந்தது. தோட்டத்திலிருந்து ஜனங்கள் வந்திருந்தார்கள், சாதாரண உடுப்பில் ஒரு மாத்தாகாரனும் வந்திருந்தான். தாலியை அறுத்தபோது செல்லாயி கதறியதில் நடிப்பு இல்லை. உயிரோடிருப்பவனுக்குப் பிண்டம் வைக்கிறோமே என்ற பயத்தில் கதறினாள்.

அந்தப் பயம் பிறகு வேறு மாதிரித் திரும்பியது. நாள் போகப் போக, வெள்ளைச் சேலையைத் தினமும் உடுத்த உடுத்த, அவன் உண்மையாகவே செத்துவிட்டான் என்று அவள் மனம் நம்பத் தொடங்கிவிட்டது. மகள் அப்பாவுக்குப் படையல் வைத்தாள். பழைய தோட்டத்து லயத்துப் பெண்கள் அவன் கனவில் வந்ததாகச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில், அது அய்யூப் எழுதிய பொய் என்பதே அவளுக்கு எப்போதாவதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு புதன்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், ஓடையின் அக்கரையில் ஓர் உருவம் நின்றது. அங்கே வீடு கிடையாது, பாதை கிடையாது, சேறும் பாக்காவ் என்ற அலையாத்தி மரங்களும்தான். மரங்களுக்கு நடுவில், எலும்பும் தோலுமாக, முழங்கால்வரை சேற்றோடு நின்றுகொண்டு கொட்டகையையே பார்த்தது. செல்லாயி வாளியோடு வெளியே வந்தவள் பார்த்துவிட்டாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியாதா?

உருவம் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டியது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

செல்லாயி இரண்டடி பின்வாங்கினாள். காரியம் செய்து முடித்த பிறகும் கரையேறாமல் வந்து நிற்கிறதே! கொட்டகைக்குள் ஓடித் துடைப்பத்தை எடுத்து வந்தாள். உப்பையும் மிளகாயையும் அள்ளி ஓடையில் வீசினாள்.

"ஒனக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு! இங்க என்னா இருக்கு ஒனக்கு? போ! புள்ளகிட்ட வராத, போயிடு!"

துடைப்பத்தை ஓங்கி ஓங்கி அடித்தாள். உருவம் கைகளை இறக்கியது. பிறகு தண்ணீருக்குள் ஒரு காலை வைத்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். மூன்று மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. பின்னால் தண்ணீர் சளக்கென்று ஒருமுறை புரண்டது. அது தினமும் கேட்கும் சத்தம்தான். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது அக்கரையில் ஒன்றுமில்லை. ஓட்டிவிட்டோம் என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், ஆற்றுவாயில் பிடித்த சுறா ஒன்று வந்தது. ஏழடி நீளம். செல்லாயி வழக்கம்போல் கிழித்துக் கையை விட்டு வெளியே எடுத்தாள். எடுத்ததைப் பலகையில் வைத்தாள். அய்யூப் பேனாவோடு எழுந்து நின்றுவிட்டார்.

இடது கால். சுண்டு விரலோடு ஒட்டிக்கொண்டு ஆறாவது விரல்.

 தான் எழுதியது கடலுக்குள் போய் வேலை செய்துவிட்டு வந்ததாகவே அய்யூப்புக்குத் தோன்றியது. "யா அல்லா, நா எழுதினதுலா இது... நா எழுதினது..." என்று முணுமுணுத்தார்.

 செல்லாயியின் விரல் தானாகவே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. குதிகாலை அழுத்தியது. தோல் உரிந்திருந்தது. சதை கரையத் தொடங்கியிருந்தது. நகங்கள் கழன்றிருக்கவில்லை.

"ரெண்டு நாளு," என்றாள்.

"என்னா தங்கச்சி?"

"தின்னு ரெண்டு நாளுகூட ஆவல. புதன்கெழம." அவள் பின்கதவு வழியாக அக்கரையைப் பார்த்தாள். "கைய ஆட்டுனாரு பாய். நா தொடப்பத்த எடுத்தேன்."

அய்யூப்புக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நடந்ததைச் சொல்லி முடித்தபோது புரிந்தது. வாசலில் மீன் வாங்க வந்த மாத்தாகாரன் ஒருவன் விலை பேசிக்கொண்டிருந்தான். செல்லாயி ஒப்பாரி வைக்க வாயைத் திறந்தாள்; ஊர் அறிய அவள் புருஷன் செத்து எழுபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள்.

காலைத் தன் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். துரை வரும் நேரமாகிவிட்டது. படிவத்தில் அந்தச் சுறாவின் வரிசை மட்டும் நிரப்பாமல் கிடந்தது.

"இதுக்கு என்னான்னு எழுத?" என்று அய்யூப் மெல்லக் கேட்டார்.

"வயித்துல ஒண்ணுமே இல்லன்னு எழுதுங்க பாய். அவர இன்னொருவாட்டி எழுதாதீங்க."