பவுனுக்குப் பிடித்த சிவப்பு

வரப்பில் நின்று ஜோதிகா செல்போனைத் திறப்பதற்குள் பவுனின் கழுத்து அவள் தோளுக்கு மேலே நீண்டுவிடும். "என்ன கலரு?" என்பாள். மருந்து தெளிக்கிற ட்ரோனை ஏற்றும் முன்பு, அந்த இடத்து வானத்தில் பறக்கலாமா என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சை என்றால் பறக்கலாம். மஞ்சள் என்றால் அனுமதி கேட்க வேண்டும். சிவப்பு என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பவுனுக்குப் பிடித்தது சிவப்பு. சிவந்த நாளில் ஜோதிகாவும் அவளைப் போலவே வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பாள்.

மற்ற நாட்களில் அப்படியில்லை. மகளிர் குழுவுக்கு ட்ரோன் வந்தபோது பயிற்சிக்கு இரண்டு பேரும்தான் கைதூக்கினார்கள். பத்தாவது தேறியவள் என்று ஜோதிகாவை எடுத்துக்கொண்டார்கள். எட்டோடு நின்ற பவுனுக்கு மருந்து கலக்கி ஊற்றுகிற வேலை. வாழைத் தோட்டத்துக்காரர்கள் ஜோதிகாவுக்கு நாற்காலி போடுகிறார்கள். "பைலட்டம்மா வந்துட்டாக, எளநி வெட்டு" என்கிறார்கள். பவுனுக்கும் இளநீர் உண்டு. ஆனால் "அந்தக்காவுக்கும் ஒண்ணு" என்று பின்னால்தான் வரும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். மருந்தைக் கட்டி தட்டாமல் கலக்க அவளைப் போல ஆள் கிடையாது. ஜோதிகா அவளுக்கு முறைக்கு நாத்தனார். ஜோதிகாவின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஓடுகிறவள் பவுனுதான். ஆனால் ட்ரோனோடு எல்லா முகமும் மேலே போய், பிறகு ஜோதிகாவிடம் வந்து இறங்குவது அவளுக்குத் தாங்காது. "ரிமோட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு இம்புட்டுச் சலாமா" என்று வாளியிடம் சொல்லிக்கொள்வாள்.

பறக்கும்போது ஜோதிகாவின் கைகள் ரிமோட்டில் இருக்கும், கண் வானத்தில் இருக்கும். ஆகவே செல்போன் பவுனிடம். நடுவில் நிறம் மாறினால் உடனே சொல்ல வேண்டும். அதை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. அதற்குத்தானே காத்திருக்கிறாள்.

ஜெயமங்கலத்தில் பவுனின் புகுந்த வீட்டுக் குலசாமி கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. தீர்த்தத்தை ட்ரோனில் தெளிப்பது இப்போது எங்கும் வழக்கமாகிவிட்டது. மருந்து படாத புதுத் தொட்டி மாட்டி வரச்சொல்லி, பங்காளிகள் ஜோதிகாவைக் கூப்பிட்டார்கள். பவுனின் சாமி, பவுனின் சனம். அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்கப்போவது ஜோதிகாவை. முந்தின சனிக்கிழமை பவுனு குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றினாள். என்ன வேண்டினாள் என்பது சாமிக்குத் தெரியும். நமக்கும் தெரியும்.

காலையில் பச்சைதான். கலசத்தில் தீர்த்தம் விழுந்தது, ட்ரோன் எழும்பியது, சனம் கைகூப்பியது. அது கூட்டத்தை நெருங்குமுன் பவுனின் கையிலிருந்த செல்போனில் வரைபடம் சிவந்தது. யாரோ பெரிய மனிதர் அந்தப் பக்கம் ஹெலிகாப்டரில் வருகிறாராம்.

"ஜோதி, செவந்திருச்சு. எறக்கு."

தன் குரலில் இருந்த இனிப்பு அவளுக்கே கேட்டது.

ஜோதிகா திரும்பிப் படத்தைப் பார்த்தாள். ட்ரோனை இறக்கிவிட்டாள். ஒரு சுற்று சுற்றினால் என்ன ஆகப்போகிறது என்று பங்காளிகள் முதலில் கெஞ்சினார்கள், பிறகு ஏசினார்கள். வாங்குகிற இடத்தில் காசு வாங்கிக்கொண்டாள் என்றுகூட ஒருவர் சொன்னார். அவள் அசையவில்லை. "மேல வர்றவுகளும் உசுருதான சித்தப்பா" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

பூசாரி கோட்டைச்சாமி சலித்துப்போய், தீர்த்த வாளியையும் மாவிலைக் கொத்தையும் பவுனிடம் நீட்டினார். "நீயாச்சும் தெளி தாயி. நம்ம வீட்டு மருமக."

பவுனு தெளித்தாள். போகிற பக்கமெல்லாம் தலைகள் குனிந்தன. "இங்கன, இங்கன" என்று கைகள் நீண்டன. என்றைக்கும் முகங்கொடுத்துப் பேசாத மாமியார் கண்ணை மூடிக் கும்பிட்டு நின்றாள். ஹெலிகாப்டர் சத்தம் மலைப்பக்கம் போய்த் தேய்ந்தது. பழக்கதோஷத்தில் பவுனு இடுப்பிலிருந்த செல்போனை எடுத்துப் பார்த்தாள்.

பச்சை.

வேறு யாரும் பார்க்கவில்லை. வாளியில் இன்னும் பாதி இருந்தது. கூட்டம் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ட்ரோனுக்குப் பக்கத்தில் ஜோதிகா வெறும் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பவுனு அவளிடம் போனாள். "எந்திரி. குனி" என்றாள்.

ஜோதிகா எழுந்து கைகூப்பி, அவள் முன்னால் தலையைத் தாழ்த்தினாள். பவுனு மாவிலையை நன்றாக முக்கி, அவசரப்படாமல் அவள் உச்சியில் தெளித்தாள். பிறகுதான் செல்போனை நீட்டினாள்.