கை பொறுக்கும் சூடு

தி.நகர் சந்தில் துப்பட்டாக்களுக்குச் சாயம் போடும் அப்துல் கய்யூமைப் போல நல்ல மனிதரைப் பார்க்க முடியாது. நல்ல மனிதர்களால்தான் இத்தனை தொல்லையும்.

அவர் மகள் ஜுவேரியாவின் நிக்காஹுக்காக, மாப்பிள்ளையின் அம்மா மஹ்விஷ் ஒரு வெள்ளைத் துப்பட்டா கொடுத்தார்.

"அசல் பட்டு, பாய். செவப்பா போட்டுக் குடுங்க."

கய்யூம் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினார். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும். இதுவோ உருகி விரலில் ஒட்டியது. பாலியஸ்டர்! அவருடைய அண்டாவில் எவ்வளவு கொதித்தாலும் சாயத்தைக் கிட்டே விடாத ஜென்மம். உண்மையைச் சொன்னால் சம்பந்திக்கு அவமானம், கல்யாணமே நின்றாலும் நிற்கும்.

அவர் புலம்பலைக் கேட்டு, அடையாறில் ஆராய்ச்சி செய்யும் வாடிக்கையாளர் சாருலதா இரண்டு பொட்டலம் நொதிப் பொடி கொண்டுவந்தாள். "இது நூலோட மேல்பக்கத்தை லேசா கடிச்சு விடும், அங்கிள். அப்புறம் தண்ணியும் பிடிக்கும், சாயமும் பிடிக்கும். ஆனா கை பொறுக்குற சூடுதான் இருக்கணும். மீறினா செத்துடும்."

கொதிக்கும் அண்டாவில் காலமெல்லாம் துணி அலசிய கை அவருடையது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கையை விட்டு, "பொறுக்குது" என்றார். முதல் பொட்டலம் அங்கேயே மவுத்.

விடிந்தால் நிக்காஹ். வேறு கைக்கு எங்கே போவது? மனைவி ஜஹனாரா சப்பாத்தியை வெறுங்கையால் புரட்டுபவள். பக்கத்து டீக்கடை வெள்ளைச்சாமியின் விரலுக்குச் சூடு என்றால் என்னவென்றே தெரியாது. மணப்பெண் கையில் ஈர மருதாணி. அந்த நேரம் பார்த்து, துப்பட்டா என்னாச்சு என்று கேட்டு மஹ்விஷ் வந்து நின்றார். பஞ்சு மாதிரிக் கை.

"தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி, இதுல கொஞ்சம் கைய வுடுங்க. சுட்டா சொல்லுங்க."

திகைத்துப்போய்க் கையை விட்டார். ஸ்டூல் வந்தது, இரண்டாவது பொட்டலமும் அண்டாவில் விழுந்தது. இடது கை அண்டாவில், வலது கையில் டீ. "சுடுது... இப்ப ஆறுது, கேஸ ஏத்துங்க!" என்று சாயங்காலம்வரை அத்தனை பேரையும் விரட்டினார்.

பிறகு சாயத்தில் போட்டதும் துப்பட்டா குப்பென்று சிவந்தது. கய்யூமுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பட்டுக்கு இன்னாத்துக்கு பாய் இவ்ளோ பாடு?" என்றார் மஹ்விஷ்.

ஜஹனாரா கணவரின் காலை மிதித்தாள்.

"ஒசந்த பட்டு, சம்பந்தி. பிடிவாதம் ஜாஸ்தி."

மஹ்விஷின் முகம் மலர்ந்தது. "அதான பாத்தேன்! இதே பட்டுல எங்க பக்கத்துப் பொம்பளைங்க அத்தினி பேருக்கும் எடுத்து வெச்சிக்கீறேன். எம் புள்ள ஆசிஃப்ப எடுத்தாரச் சொல்றேன்."

இரண்டு பொட்டலமும் தீர்ந்துவிட்டதே என்று கய்யூம் காலிப் பொட்டலத்தை உதறிப் பார்த்தார். அதற்குள் சம்பந்தியம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மறுபடி அண்டாவுக்குள் கையை விட்டிருந்தார்.