கவுண்டரில் சண்டை பழகிய மதியங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் நான் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். வேலையில் குறை சொல்ல முடியாது, வாய்தான் நீளம். சுவரில் வெற்றிலை எச்சிலைத் துப்பிய ஒரு பெரிய மனிதரை, "உங்க வூட்லயும் இப்டித்தான் துப்புவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்க மாட்டேனா பின்னே? தேய்த்துக் கழுவுவது நானல்லவா!

மேனேஜர் கொதித்துவிட்டார். "இந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்தி, மேடம். எனக்கு வேணாம், அனுப்பிடுங்க."

மேடம் என்றது, முதலாளி புதிதாக வேலூரிலிருந்து அழைத்துவந்திருந்த எச்.ஆர். அதிகாரியை. ஆள் குறைக்கத்தான் வந்திருக்கிறார் என்று எங்களுக்குள் பேச்சு. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மேடம் என்னைத் திட்டவில்லை, மேனேஜரையும் மட்டம் தட்டவில்லை. "ரூம் அழுக்கானா இவங்களுக்குக் கோவம் வருது. இந்த அக்கறைய வெளியில எங்கேங்க தேடுறது? பேசத்தான் தெரியல. கவுண்டர்ல எத்தனையோ பேரச் சமாளிச்சவரு நீங்க, நீங்களே சொல்லிக்குடுங்க. பௌர்ணமிக்குக் கவுண்டர்ல நிக்க வைங்க. அன்னிக்கும் சண்டைன்னா அனுப்பிடலாம்."

அப்புறம் மதியமெல்லாம் ஒரே கூத்துதான். மேனேஜர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, அறை கிடைக்காத பக்தராக மேசையைத் தட்டிக் கத்துவார். நானும் கத்துவேன். "தப்பு, மறுபடி! வந்தவருக்கு மொதல்ல உக்கார எடம் காட்டும்மா. அப்புறமா ரூம் இல்லேன்னு சொல்லு." அந்த மனுஷனுக்குள் இவ்வளவு பொறுமை இருந்ததை மேடம் எப்படித்தான் கண்டுபிடித்தாரோ!

பௌர்ணமி கழிந்த விடியலில், கிரிவலம் முடித்த கூட்டம் லாட்ஜ் வாசலில் நெருக்கியது. ஒருவர் மேசையில் குத்தினார். "ரூம் இல்லாம எதுக்கும்மா லாட்ஜ் நடத்துறீங்க?"

பழைய மாதிரி ஒரு பதில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வெறுங்காலோட சுத்திட்டு வந்திருக்கீங்க, உக்காருங்கய்யா. ரூம் காலியாக நேரமாவும். குளிக்கச் சுடுதண்ணி தரச் சொல்றேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால், படிக்கட்டில் மேனேஜர் நின்று என்னோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறார்!

மேடம் அன்று லாட்ஜ் பக்கமே வரவில்லை, அவரும் கிரிவலம் போய்விட்டாராம். மறுநாள் வந்து, "என்னங்க, அனுப்பிடலாமா?" என்று மேனேஜரிடம் மட்டும் கேட்டார்.

"அது என் ஆளுங்க மேடம். யார் கேட்டாலும் தரமாட்டேன்."

பக்கத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்த நான் அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அப்புறம் அந்தப் போர்வையை முதலிலிருந்து மறுபடி மடிக்க வேண்டியதாயிற்று.