விமானத்துக்கு அளவெடுக்கப் போனேன்

நாங்கள் தைத்து அனுப்பிய எட்டு கான்வாஸ் உறைகளும் ஒரே லாரியில் திரும்பி வந்து இறங்கியபோது எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தியிருந்தது. ‘அளவு குறைவு.’ அளவு குறைவாம்! பதினாறு வயதிலிருந்து துணி வெட்டுகிறவள் நான். பூந்தமல்லியில் பாதிப் பெண்கள் என் வெட்டில்தான் ரவிக்கை போட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கரையான்சாவடியில், மெயின் ரோட்டை ஒட்டி, எங்கள் பெண்கள் தையல் கூடம் இருந்தது. மெஷினில் ஆறு பேர், வெட்டுமேசையில் நான். ஆவடிக்கு வடக்கே, இரண்டாம் உலக யுத்தத்தின்போது போட்ட பழைய ஓடுதளம் ஒன்றில் ஓய்ந்துபோன விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். பயணிகள் விமானம் ஒன்றுகூட அங்கே வராது, அங்கிருந்து போகவும் போகாது. சும்மா நிற்கிற விமானங்களின் இன்ஜினுக்குள் மழைத்தண்ணீர் இறங்காமல், குருவி கூடு கட்டாமல் இருக்க கான்வாஸ் உறை வேண்டும். அந்த வேலைதான் எங்களுக்குக் கிடைத்தது.

அளவுக்கு ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார்கள். முழுக்க இங்கிலீஷ், கோடு கோடாக. எனக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. ரவிக்கை தைக்க வருகிறவளிடம் படமா கேட்கிறோம்? அளவு ரவிக்கை ஒன்று கொடும்மா என்கிறோம். அதே மாதிரி, கான்வாஸ் கொண்டுவரும் லாரி டிரைவரிடம் சொல்லி, அங்கே கழற்றிப் போட்டிருந்த பழைய உறை ஒன்றை வரவழைத்தேன். தையலைப் பிரித்து, மேசையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு எட்டையும் வெட்டினேன்.

அப்போதே ஒருத்தி சொன்னாள். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவள், திருநெல்வேலிப் பக்கம், பி.யு.சி. படித்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

“அக்கா, படத்துல சுற்றளவு பதினாலு அடின்னு போட்டிருக்கு. இந்தப் பழசு ஒரு சாண் குறையுதே. ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டுவமா?”

“நீ படிச்சிக்கினு இருந்தப்பவே நான் வெட்டிக்கினு இருந்தவடி. போய் மெஷின்ல குந்து” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

உறைகள் திரும்பி வந்த அன்று, கூடத்தை நடத்தும் அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இன்னொரு தபா திரும்பி வந்துச்சின்னா இந்த வேலையே நம்ம கையை உட்டுப் பூடும். தப்பு உன் வெட்டுலன்னு தெரிஞ்சா நீ மேசையை உட்டு எறங்கிடணும்மா. எனக்கு வேற வழியில்ல.”

“தப்பு என் மேல இல்ல. நேரா போய் அந்த ஏரோப்ளேனையே அளந்துக்கினு வரேன். அப்பால பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டேன்.

சொல்லியாகிவிட்டது, போவது எப்படி? முதலில் அந்த ஓடுதளத்து ஆபீசுக்குத் தமிழில் ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. மறுபடி போட்டேன். ‘இங்கே பயணிகள் விமானம் கிடையாது. பார்வையாளருக்கு அனுமதி இல்லை’ என்று இரண்டு வரி வந்தது. பயணிகள் விமானத்தை இங்கே யார் கேட்டார்கள்? லாரி டிரைவர்தான் வழி சொன்னார். “பாக்கணும்னு எழுதினா எவன் உடுவான்? அளவு எடுக்கணும்னு எழுதுக்கா. இங்கிலீஷ்ல எழுது.”

இங்கிலீஷுக்கு நான் எங்கே போவேன்? யாருடைய வாயை அடைத்தேனோ அவளிடமே போய் நின்றேன். அவள் ஒரு வார்த்தைகூடக் குத்திக் காட்டவில்லை. உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். பத்து நாளில் அனுமதிச் சீட்டு வந்தது. வியாழக்கிழமை, பத்திலிருந்து பன்னிரண்டு வரை, இரண்டு பேர். இரண்டாவது ஆளாக அவளையே சேர்த்திருந்தேன். பாசத்தில் இல்லை. அவள் கண்ணெதிரே அளந்து காட்டவேண்டும் என்ற வீம்பில்.

தையல் டேப் அறுபது அங்குலம்தான். அதனால் இருபதடி நாடா வாங்கினேன். பருத்தி நாடா நனைந்தால் சுருங்கும் என்று ஒரு ராத்திரி ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, அப்புறம்தான் மையால் அங்குலக் குறி இட்டேன். அவ்வளவு ஜாக்கிரதை! பழைய உறையின் அளவான பதிமூன்றடி மூன்று அங்குலத்தில் சிவப்பு நூலால் ஒரு குறி தைத்தேன். கூடத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நானும் அவளும் மூன்று நாள் அளந்து பழகினோம். வீட்டுக்காரர், “ஏரோப்ளேன் ஏறி எந்த ஊருக்குப் போற?” என்று கிண்டல் பண்ணினார். “உன்னை உட்டுட்டு சிங்கப்பூருக்கு” என்றேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஆவடியில் மாறிய பஸ்ஸில் கண்டக்டர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “அங்க ப்ளேன் ஏற முடியாதும்மா. மீனம்பாக்கம் போங்க.”

“ஏறப் போகல நைனா, அதுக்குச் சட்டை தைக்கப் போறோம்.”

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கி மூன்று மைல் நடந்தோம்.

வாசலில் சீட்டைக் காட்டினதும் பொறுப்பாளர் ஒருவர் வந்து உள்ளே அழைத்துப் போனார். புல் மண்டிய வெளியில் பத்துப் பன்னிரண்டு விமானங்கள். கண்ணாடிகளில் காகிதம் ஒட்டி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருந்தார்கள். அத்தனை பெரிய சாமான் அத்தனை அமைதியாக நின்றதைப் பார்த்ததும் நானும் நின்றுவிட்டேன். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கவா வந்தேன்?

அவளை ஏணியில் ஏற்றினேன். நாடாவின் ஒரு முனை அவள் கையில். நான் கீழே குனிந்து மறுமுனையை இன்ஜினுக்கு அடியில் கொடுத்து வாங்கி, அந்தப் பக்கமாக மேலே தூக்கிக் கொடுத்தேன். அவள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். சிவப்பு நூலில் வந்து முட்டவேண்டும். முட்டவில்லை. கீழே நின்றே எனக்குத் தெரிந்தது. சரியாக ஒரு சாண்.

“எவ்வளவும்மா?” என்று பொறுப்பாளர் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். “பதிமூணடி மூணு அங்குலம் சார். அக்கா வெட்டுனது சரிதான்.”

நான் ஏணிக்கடியில் போய் நின்றேன். “பொய் சொல்லாதடி! எனக்கும் கண்ணு கீது. சரியா படி.”

“பதினாலு அடி” என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

பொறுப்பாளர் திட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை. “பழைய உறையை வெச்சா வெட்டினீங்க? அது நாலு மழையில நனைஞ்சு சுருங்கிப்போச்சும்மா. இன்ஜின் மேல ஏறவே மாட்டேன்னுது. அதனாலதானே புதுசு கேட்டோம்.”

புதுசு எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. கேட்கச் சொன்னவளையும் விடவில்லை.

திரும்பி நடக்கும்போது, “ஏன்டி பொய் சொன்னே?” என்றேன்.

“உங்கள மேசைய விட்டு இறக்கிருவாங்கல்லா, அக்கா.”

“உன் பொய்யால இன்னும் எட்டு திரும்பி வந்திருக்கும். அப்ப ஏழு பேரும் எறங்கணும்.” கடுமையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை கூடத்தை நடத்தும் அம்மாள் வாயைத் திறக்கும் முன்பே நான் ஆரம்பித்தேன். “தப்பு என் வெட்டுலதான். இவ அன்னிக்கே சொன்னா. நான்தான் வாயை அடச்சேன். இனிமே இவ வெட்டட்டும்.” நான் போய் அவளுடைய மெஷினில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் நின்றே வேலை செய்தவளுக்கு அந்த ஸ்டூல் குட்டையாக இருந்தது.

அவள் கான்வாஸை விரித்து, வரைபடத்தை இரண்டு தரம் பார்த்து, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“வெட்டட்டுமா அக்கா?”

“என்னை இன்னாத்துக்குக் கேக்கற? வெட்டு.”

கத்தரி துணியில் இறங்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தேன்.