நாலரை மணிக்கு என் தறி நிற்கும்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பேனாவைப் பிடித்தால் விரல் விறைத்துக்கொள்கிறது. தறியில் குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவை எறிந்து பழகிய கை இது. எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்த விஷயத்துக்கு மட்டும் மன்னிப்பு கேட்க மாட்டேன்.

நாலு பேர் கூடி நின்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிற ஆள் நான். கல்யாணத்தில் பந்தியில் உப்பு கேட்கக்கூட வாய் வராது. அப்படிப்பட்டவன் ஒரு தெருவையே பகைத்துக்கொண்ட கதை இது.

ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. ஒவ்வொரு தறிக்கும் ஒரு சத்தம் உண்டு. எதிர்வீட்டுத் தறி இரண்டு தட்டு தட்டி ஒரு மூச்சு விடும். என்னுடையது விடாமல் ஓடும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்த வீட்டில் வேலை நடக்கிறது, எந்த வீட்டில் நின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம். ஒரு தறி நின்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். இழை அறுந்திருக்க வேண்டும், இல்லை வீட்டில் யாருக்காவது முடியாமல் போயிருக்க வேண்டும், இல்லை அமாவாசையாக இருக்க வேண்டும். அமாவாசை அன்றைக்கு நாங்கள் தறியில் உட்கார மாட்டோம். மற்ற நாளில் உடம்பு நன்றாக இருக்கிற ஆம்பிளை எழுந்து போனால், சத்தம் நின்ற அந்த நிமிஷமே தெருவுக்குத் தெரிந்துவிடும்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆவணி மாதம். முகூர்த்த நாட்கள் வரிசையாக வந்தன. எனக்குப் பாவும் பட்டும் கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் வந்து வாசலில் நின்று, “எப்ப அறுப்ப?” என்று கேட்டுவிட்டுப் போவார். புடவையை முடித்துத் தறியிலிருந்து இறக்குவதைத்தான் அறுப்பது என்போம். நான் வெளிச்சம் வந்ததும் தறிக்குக் கீழே இருக்கிற குழியில் காலை விட்டால் இருட்டும்வரை எடுப்பதில்லை. சாப்பாடுகூட மடியிலேயே. விடியற்காலையில் விழிப்பு வரும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாரோ துரத்துவது போல இருக்கும். மனைவி ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை எரிந்து விழுவேன். வெளியே ஊமை, வீட்டுக்குள் புலி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தப்பு நடந்தது. புடவையின் உடல் இவ்வளவு நீளம் என்று அளந்து, ஓரத்தில் ஒரு நூலைக் கட்டி வைத்திருப்போம். அந்த நூல் வந்ததும் உடலை நிறுத்தி முந்தானை போட ஆரம்பிக்க வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவன்கூட அதை மறக்க மாட்டான். நான் அதைத் தாண்டி நெய்துகொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, முந்தானை எங்கங்க?”

எனக்குப் புரியவில்லை. அவள் விரலால் காட்டினாள். அடையாள நூல் ஒன்றரை முழத்துக்கு அப்பால், சுருட்டிய புடவைக்குள் போயிருந்தது. அந்த ஒன்றரை முழத்தை நான் எப்படி நெய்தேன் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை. கை நெய்திருக்கிறது, நான் அங்கே இல்லை. அத்தனையும் பிரிக்க வேண்டியதாயிற்று. அப்படியே விட்டால், தறியில் நீளவாக்கில் பூட்டிய அதே பாவில் வரும் கடைசிப் புடவை குட்டையாகிவிடும். இரண்டு நாள் இருவரும் உட்கார்ந்து குறுக்கு இழையான ஊடையை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். இரண்டாம் நாள் மதியம் மூச்சு இழுத்தது, இடது கை மரத்துப் போனது. மாரடைப்பு என்று நினைத்து அவள் என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே ஒரு பெண் டாக்டர். இழுத்துக் கட்டிய கொண்டை, அவசரமே இல்லாத குரல். பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு, “இதயத்துக்கு ஒண்ணும் இல்லைங்க. ஒரு நாளைக்கு எத்தனை தரம் வேலைய விட்டு எழுந்திருப்பீங்க?” என்று கேட்டார்.

“கரண்ட்டு போனா” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “கரண்ட்டு போகாத அன்னைக்கும் எழுந்திருங்க. தினம் ஒரே நேரத்துல, ஒரு மணி நேரம். நடங்க. மனசுல இருக்கறத வாய்விட்டு யாருகிட்டயாவது சொல்லுங்க. குடிக்காதீங்க. தூங்குங்க” என்றார். மாத்திரை எழுதவில்லை. வரும் வழியெல்லாம் மனைவி, “மாத்திரை இல்லாம அனுப்பற டாக்டரு எங்கனா உண்டா” என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு நாடாவைக் கீழே வைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் எதிர்வீட்டுக்காரன் தலையை நீட்டிவிட்டான். அவன் எனக்குப் பங்காளி முறை இல்லை, மச்சான் முறை. அதனால் அவன் வாய்க்குக் கட்டுப்பாடே கிடையாது.

“இன்னா மச்சான், இழை அந்துச்சா?”

“இல்ல.”

“அக்காவுக்கு முடியலையா?”

“நல்லா கீறா.”

“அப்ப ஏன் தறி நிக்குது?”

நடக்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு போனேன். ஒரு வாரத்தில் விஷயம் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. “இவருக்கு டென்சனாம்பா. ஆபீசரு” என்று டீக்கடையில் ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மச்சான்தான் எனக்குப் பட்டப்பெயர் வைத்தான்: தினம் அமாவாசை. நான் தெருவில் இறங்கினால், “அமாவாசை வந்துடுச்சு, மணி நாலரை” என்பான்.

அவன் கெட்டவன் இல்லை. ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு, “நடந்தா இன்னா ஆவப்போது? மனசு பேஜாரா இருந்தா சாயங்காலம் எங்கூட வா. ஒரு கட்டிங் போட்டா எல்லாம் செரியாப்பூடும்” என்றான். அது எனக்குத் தெரியாத மருந்து இல்லை. அதற்கு முந்தின வருஷம் நாலு மாதம் குடித்துப் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலையில் விரல் நடுங்கும். யாரிடம் வேண்டுமானாலும் அதை மறைக்கலாம், பட்டு இழையிடம் மறைக்க முடியாது. வரவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் நடந்த இடம் ஆற்று மணல். வருஷத்தில் பாதி நாள் எங்கள் ஆற்றில் தண்ணீர் இருக்காது. நாள் முழுதும் குழிக்குள் கிடந்த கால், சூடான மணலில் புதைந்து புதைந்து எழும்போது ஒரு சுகம் இருக்கிறது பாருங்கள், அதை எழுத எனக்குப் படிப்பு போதாது. மனசில் இருப்பதை யாரிடமாவது சொல்லச் சொன்னாரே டாக்டர், அதுதான் கஷ்டம். மனிதர்களிடம் வாய் வராதே. ஆளில்லாத இடமாகப் பார்த்து முதலாளியைத் திட்ட ஆரம்பித்தேன். முதலில் முணுமுணுப்பாக. பிறகு நன்றாகவே. ஒரு நாள் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“யார திட்டிகினு போற?”

ஆடு மேய்க்கிற அம்மாள். எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. “யாரையும் இல்லம்மா” என்றேன்.

“திட்டு திட்டு. எங்காடுங்களுக்கும் பொழுது போவுது. ஆனா நாலு நாளா ஒரே திட்டுதான் வருது. புதுசா எதுனா வெச்சிக்கோ.”

நான் சிரித்துவிட்டேன். நான் சத்தமாகச் சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று அப்போதுதான் தோன்றியது. அதன் பிறகு தினமும் பார்த்தால் ஒரு வார்த்தை பேசிக்கொள்வோம். அந்த அம்மாளிடம் பேசியது போல நான் வேறு யாரிடமும் தாராளமாகப் பேசியதில்லை. ஒன்றரை மாதத்தில் விடியற்காலைப் படபடப்பு குறைந்தது. போய்விட்டது என்று சொல்லவில்லை, குறைந்தது.

ஐப்பசியில் முதலாளி சரியாக நாலரைக்கு வந்தார். வேண்டுமென்றேதான். வாசற்படியில் உட்கார்ந்து வழியை மறித்துக்கொண்டார்.

“பெரிய எடத்துக் கல்யாணப் பொடவ. பத்து நாள்ல வேணும். இந்த நடையெல்லாம் அதுக்கப்புறம் வெச்சிக்க. தறி நிக்கக் கூடாது, புரிதா?”

ஆற்று மணலில் இவரிடம் நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன். அவருடைய மூக்கைப் பற்றி, மோதிரங்களைப் பற்றி. அப்போது ஒன்றும் வரவில்லை.  ஆனால் சட்டை போட்டாயிற்று. கால் வாசலில் இருந்தது. அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

“பத்தாம் நாள் காலைல அறுத்துடுவன் முதலாளி. அது தப்பாது. ஆனா நாலரைக்குத் தறி நிக்கும்.”

“இன்னாது?”

“நாலரைக்குத் தறி நிக்கும்.”

எதிர்வீட்டில் மச்சானுடைய தறி நின்றது. கேட்பதற்காக நிறுத்தினான்.

“அமாவாசைக்கு எல்லாரும் நிறுத்துவான். உனக்கு மட்டும் இன்னா தினம் அமாவாசையா?” என்றார் முதலாளி.

“அப்படித்தான் வெச்சிக்குங்க” என்று சொல்லிவிட்டு, அவர் காலை மிதிக்காமல் தாண்டி இறங்கினேன்.

பத்தாம் நாள் காலையில் புடவையை அறுத்தேன். அவர் அதை வெயிலில் விரித்து, கரையைத் தடவி, முந்தானையைப் புரட்டி, ஒரு குறையும் கிடைக்காமல் மடித்துக்கொண்டார். போகும்போது, “அடுத்த பாவு உனக்கு இல்ல. ஒழுங்கா ஒக்கார்றவனுக்குக் குடுக்கறன்” என்றார்.

வெறும் தறியோடு இரண்டு மாதம் இருந்தோம். மனைவி நாலு வீட்டுக்குத் தார் சுற்றினாள். நான் மற்றவர்கள் தறியில் புதுப் பாவைப் பழைய இழைகளோடு பிணைத்துக் கொடுக்கப் போனேன். அப்போதும் நாலரைக்கு நடக்கப் போனேன். “தறியே ஓடல, நீ எதுலேருந்து எழுந்து போற?” என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்விதான். விட்டுவிட்டால் திரும்ப வராது என்ற பயம் எனக்கு.

ஒரு நாள் தாங்க முடியவில்லை. “போய் முதலாளி கிட்ட இனிமே எழுந்திருக்க மாட்டன்னு சொல்லிடவா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

தார் ராட்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “போங்க. கால்ல கூட உழுங்க. ஆனா மறுபடியும் நெஞ்ச புடிச்சிகினு உக்காந்தா நான் ரிக்‌ஷா கூப்புட மாட்டன்.” ராட்டையில் மறுபடி கை வைத்தவள், “இன்னொண்ணும் சொல்றன். உங்களுக்கு ஒரு மணி நேரம் இருக்குது. நானுந்தான் இந்த வூட்ல விடிஞ்சதுலேருந்து ஓடறன். எனக்கு எங்க?” என்றாள்.

 ஊரோடு மல்லுக்கட்டினேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேனே, என் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தவளை நினைக்கவே இல்லை. அன்றைக்கே பேசி முடித்தோம். ஐந்தரையிலிருந்து ஆறரை வரை அவளுடையது. அடுப்பு என்னுடையது. அவள் நடக்கவெல்லாம் போகவில்லை. ரேடியோவை வைத்துக்கொண்டு காலை நீட்டிப் படுத்துக்கொள்வாள். என் ரசத்தைப் பற்றித் தெருவில் வேறு பேச்சு கிளம்பியது. கிளம்பட்டும்.

தை மாதம் வேறொரு முதலாளியிடம் போனேன். பாவு கேட்பதற்கு முன்பே நாலரைக் கணக்கைச் சொன்னேன். அவர் மூக்குப்பொடி போட்டுக்கொண்டே, “சொன்ன நாள்ல அறுத்தா போதும். நாலரைக்கு நீ நின்னா இன்னா, தலைகீழா நின்னா இன்னா” என்றார். அவரிடம்தான் இன்றைக்கும் நெய்கிறேன். பழைய முதலாளி எனக்கு அப்புறம் ஒரு பாவும் கொடுக்கவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நானும் திருப்பிக்கொள்கிறேன்.

என் தெருக்காரர்களைவிட வருஷத்துக்கு இரண்டு மூன்று புடவை குறைவாகத்தான் நெய்கிறேன். அவசரம் வந்தால் இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் வீட்டுக்குள் புலி இல்லை. அவளைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள், கொஞ்சம் யோசித்துவிட்டு. மன உளைச்சல் எல்லாம் பெரிய படிப்பு படித்தவனுக்குத்தான் வரும் என்று இன்னும் எங்கள் டீக்கடையில் சொல்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்கும் வரும். அவனுக்கும் எழுந்து நடக்க உரிமை உண்டு. அதை அங்கே நின்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதினேன்.

தீபாவளிப் புடவைகள் எல்லாம் சொன்ன நாளில் அறுத்தாகிவிட்டது. வெளியே தூறல். மணி நாலே கால். குடையை எடுத்து வைத்துவிட்டேன்.

2008, ஐப்பசி 14, வியாழக்கிழமை.