பருப்புச் சண்டை

எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தால் கடலூருக்குக் கூட்டிப்போவார்கள். அப்போது எங்கள் மாவட்டத்துக்குத் தலைநகர் அதுதான். ஆனால் மாவட்டப் போட்டி யாருக்கு வேண்டும்? கடலூரில் கடல் இருந்தது. பத்தாவது வரைக்கும் செஞ்சியிலேயே கிடந்த நான் கடலைப் பார்த்ததே இல்லை.

எங்கள் பள்ளி மைதானத்தில் எண்ணூறு மீட்டர் என்றால் நான்கு சுற்று. "தம் கட்டி ஓடுடி!" என்று விளையாட்டு டீச்சர் கத்துவார். நானும் கட்டினேன். கபடி பார்த்து வளர்ந்தவள் நான். தம் கட்டு என்றால் மூச்சை விடக்கூடாது என்றுதானே அர்த்தம்? முதல் சுற்றில் பேய் மாதிரி பறப்பேன். இரண்டாவதில் கண் இருட்டும். மூன்றாவதில் புளியமரத்தடியில் வாந்தி. எனக்கு ரத்தம் போதவில்லை என்று அம்மா தினமும் பீட்ரூட் ஆக்கிப்போட்டார். கருமம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் சிநேகிதியும் ராஜகிரி மலைக்கோட்டைக்கு ஏறினோம். பஜாரில் துணிக்கடை வைத்திருந்த பாயின் மகள், என்னைவிடப் பெரிய வாயாடி. "உங்க வூட்டு சாம்பார்ல பருப்பு தேடணும்னா டார்ச் லைட் வேணும்டி" என்றாள், முதல் படியிலேயே. விடுவேனா? "உங்க வூட்டு பிரியாணில கறி இன்னாடி, லீவுல போயிருக்குதா?" என்று ஆரம்பித்தேன். திட்டிக்கொண்டே உச்சிக்கு வந்து பார்த்தால், எனக்கு மூச்சே வாங்கவில்லை.

"அடிப்பாவி! வாய் ஓடுனாதான் நீ ஓடுவ போலருக்குதே!" என்றாள்.

அன்றைக்கே கணக்குப் போட்டோம். முழுசாகத் திட்ட முடிந்தால் வேகம் சரி. ஒரு வார்த்தைதான் வருகிறதென்றால் அதிகம். அவள் பரம்பரையையே இழுத்துத் திட்ட முடிந்தால் சோம்பேறித்தனம்.

பள்ளிப் போட்டியன்று அவள் மைதானத்தின் வளைவில் நின்றாள். முதல் சுற்றில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள்.

"பருப்பு எங்கடி?" என்றாள்.

"உங்க வூட்டு கறிகிட்ட கேளுடி!" முழுசாக வந்தது. அப்பாடா!

அடுத்த இரண்டு சுற்றிலும் இதே சண்டை. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். முன்னால் போனவர்கள் ஒவ்வொருத்தியாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்தங்கினார்கள். கடைசிச் சுற்றில் எனக்கு முன்னால் ஒருத்திதான் பாக்கி. நான் வாயைத் திறப்பதற்குள் வளைவில் நின்ற என் சிநேகிதி அலறினாள்: "போதும், மூடிக்கினு ஓடுடி!"

மூடிக்கொண்டு ஓடினேன். ஜெயித்தேன்!

கடலூரில் ஆறாவதாக வந்தேன். வளைவில் திட்ட ஆளில்லை. சாயங்காலம் டீச்சர் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். மணலில் கால் பட்டதுதான் தாமதம், கணக்காவது மண்ணாவது, தலைதெறிக்க ஓடினேன். முழங்கால்வரை அலை வந்து அடித்தது. இதைப் பார்க்காமல் ஏன்டி ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறாய் என்று அவளைத் திட்ட வாயைத் திறந்தேன்.

"அடியே" என்ற ஒரு வார்த்தைதான் வந்தது.