கிளுவைகள் பயப்படாத பானை

நான் எடுத்த முதல் மூன்று சுருள் வாத்துப் படங்களில் வாத்து இல்லை. தண்ணீர் இருந்தது, வானம் இருந்தது, நடுவில் கடுகு சிந்தினதுபோலச் சில கறுப்புப் புள்ளிகள் இருந்தன. காயப் போட்டிருந்த படங்களை ஸ்டூடியோ முதலாளி அண்ணாந்து பார்த்துவிட்டு, "முசே, இதுல எது வாத்து, எது தூசி?" என்று கேட்டார். பிரான்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர்களைப் படம் எடுத்து எடுத்து அவருக்கு 'ஐயா'வுக்கான அந்தப் பிரெஞ்சு வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது. கிண்டல் செய்யும்போது நானும் முசே ஆகிவிடுவேன்.

அது எழுபதுகளின் கடைசி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், லாரி கிளீனராகவும் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிப்பவனாகவும் நாலைந்து ஊர் சுற்றிவிட்டுக் காரைக்காலில் ஒதுங்கியிருந்தேன். அங்கே தருமபுரத்தில் ஒரு சைக்கிள் கடையின் பின்புறம் படுக்கை. ஸ்டூடியோ இருட்டறையில் பிலிம் கழுவுவது வேலை. மதியச் சாப்பாடு நிச்சயம், ராத்திரிச் சாப்பாடு அன்றன்றைக்குத் தெரியும். முதலாளியின் பழைய இரட்டை லென்ஸ் கேமராவை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் போகலாம். பிலிம் என்னுடையது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்.

திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டி, பட்டினச்சேரிக்குப் போகும் வழியில் ஒரு உப்பங்கழி இருந்தது. ஐப்பசி மழையில் கழி நிறைந்ததும் கிளுவைகள் என்கிற சின்ன வாத்துகள் வந்து இறங்கும். கூடவே ஊசிவால் வாத்துகள், நாமக்கோழிகள், கரையோரச் சேற்றில் உள்ளான்கள். எங்கிருந்தோ வந்து மூன்று நான்கு மாதம் இருந்துவிட்டு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அது எனக்குப் பிடித்திருந்தது. நானும் ஊர்களை அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கிளுவையின் முகத்தையாவது கண் தெரிகிற மாதிரி எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம். தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸுக்கு வழியில்லை. கிட்டத்தில் போக வேண்டும். நூறு தப்படி இருக்கும்போதே அவை எழும்பிவிடும்.

ஆனால் ஒருவரைக் கண்டு அவை எழும்பவில்லை. நடவு இல்லாத நாட்களில் கழியில் இறால் தடவ வருகிற ஒரு அக்கா. கழுத்தளவுத் தண்ணீரில் குந்தி நகர்ந்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, இடுப்பில் கயிறு கட்டி மிதக்கவிட்ட கரிப்பானைக்குள் போடுவார். இன்னும் இரண்டு மூன்று பெண்களும் வருவார்கள். கழியைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு வலையில் விழுகிற மீன்தான் சொந்தம், வெறுங்கையால் தடவிப் பிடிப்பதற்குக் குத்தகை கிடையாது என்பது அங்கே பழைய பழக்கம். அக்காவின் பானைக்குப் பக்கத்திலேயே கிளுவைகள் தலைகீழாக நின்று மேய்ந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் கரையேறியதும் அவரே கேட்டார்.

"என்னாங்க தம்பி, மூணு வாரமா தாழம்புதர்ல குந்தியிருக்கீங்க. யாருகிட்டயாவது கடன் வாங்கிட்டு ஒளிஞ்சிருக்கீங்களா?"

"வாத்தைப் போட்டோ எடுக்கணும்க்கா. கிட்டப் போனா பறந்துடுது."

"பேன்ட்டு போட்டுக்கிட்டு நெட்டுக்குத்தலா நடந்து போனா பறக்காம என்னா செய்யும்? மூஞ்சி கழுவிப் பவுடரு போட்டுக்கிட்டு நிக்குமா?"

பானையை அவை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை என்று அவர்தான் சொன்னார். மீதியை நான் யோசித்தேன். அந்தக் கேமராவுக்குள் மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். வாய் அகன்ற பானையின் அடியில் மணல் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்து, லென்ஸ் பார்ப்பதற்குப் பக்கவாட்டில் ஓட்டை இருந்தால் போதும். இரண்டு பானைகளை ஆணியால் உடைத்த பிறகு குயவரிடமே போனேன். சுடுவதற்கு முன்பே ஓட்டை வைத்துத் தரச் சொன்னேன்.

"ஓட்டைய சுடுகாட்டுல போட்டுக்குவாங்களேப்பா. நான் எதுக்குப் போட்டுத் தரணும்? யாரு போனது?"

"யாரும் போகலைங்க. கேமரா வைக்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பானையைச் செய்து கொடுத்தார்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலையில் கறுப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு, பானையைத் தள்ளியபடி கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினேன். சிப்பி காலைக் கிழித்தது. முன்னால் அக்காவின் பானை போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் நான் கிளுவைகளுக்கு நடுவில் இருந்தேன். கேமராக் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும், அதனால் கிளுவை இந்தப் பக்கம் திரும்பினால் நான் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு ஆண் கிளுவை பத்தடியில் நின்றது. கண்ணுக்கு மேலே பிறை மாதிரி வெள்ளைக் கோடு. அலகிலிருந்து நீர் சொட்டியது. அமுக்கினேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்து முதலாளி கிண்டல் எதுவும் செய்யவில்லை. பெரிதாகப் போட்டு வாசல் கண்ணாடிப் பெட்டியில், கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் வைத்தார். அக்காவுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். "என் பானை எங்க?" என்று கேட்டார். ஓரத்தில் அதன் விளிம்பு விழுந்திருந்ததைக் காட்டினேன். அதில்தான் அவருக்குச் சந்தோஷம்.

சாராயக்கடைப் பக்கம் சைக்கிளில் பெட்டி கட்டி மடையான், வாத்து என்று பறவைக் கறி விற்கிற ஒருவன் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நெடுநேரம் நின்றான். பிறகு உள்ளே வந்தான்.

"சார், இந்தப் படம் நீங்க எடுத்ததா? எப்புடி சார் இவ்வளவு கிட்டத்துல?"

அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். பிலிம் அட்டையின் பின்புறத்தில் பானை, தண்ணீர் மட்டம், தலை எல்லாம் வரைந்தே காட்டினேன்.

"பானையைத் தலையில கவுத்துக்கிட்டா இன்னும் கிட்டப் போகலாமா சார்?"

"கால்கிட்டயே போகலாம்" என்றேன். அவன் என்ன விற்கிறவன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கறியை நானும் தின்றிருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் அவன் எனக்கு ஒரு கேள்வி கேட்பவன், நான் பதில் தெரிந்தவன், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் போனபோது கரை முழுக்கச் சிறகு கிடந்தது. உடைந்த பானைகள், கண்ணுக்கு இரண்டு ஓட்டை வைத்தவை. தண்ணீருக்கடியில் காலைப் பிடித்து இழுத்து ஒவ்வொன்றாகப் பிடித்திருக்கிறார்கள். வந்தவர்கள் குத்தகைக்காரரின் வலையையும் அறுத்து மீனை அள்ளிப் போயிருந்தார்கள். அவர் இறால் தடவ வந்த பெண்களைக் கரையில் நிறுத்தி வைத்திருந்தார். அக்கா முன்னால் நின்றார்.

"பானைய வெச்சிக்கிட்டு வாத்துக்குப் பக்கத்துல போற வித்தை ஒனக்குத்தான் தெரியும். எவனுக்குச் சொல்லிக் குடுத்த?"

"நான் யாருக்கும் சொல்லலைங்க."

"அப்ப கிளுவையே போயி அவனுக்குச் சொல்லிச்சா?"

கூட நின்ற பெண்கள் மூன்று பேர் சிரித்தார்கள். பயத்தில் வந்த சிரிப்புதான். ஆனால் அக்கா அவர்களைத் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. படம் எடுப்பவனுக்கும் வாத்துப் பிடிப்பதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை. குத்தகைக்காரர் என்னைப் பார்த்து, "நீங்க எடுங்க தம்பி, ஒங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றார். பிறகு, இனிமேல் கழியில் பானையோடு யாரும் இறங்கக் கூடாது என்றும், இவள் கரைக்கே வரக் கூடாது என்றும் சொன்னார். அக்கா பானையைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

என் ஓட்டைப் பானை தாழம்புதருக்குள் இருந்தது. கேமராவில் இன்னும் ஐந்து படம் மிச்சம் இருந்தது. நான் வாய் திறக்காததற்கு அடி உதைக்குப் பயந்ததுதான் காரணம் என்று பிற்பாடு எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து படம்தான் காரணம். எல்லோரும் போன பிறகு இறங்கினேன். மிச்சமிருந்த கிளுவைகள், பானை முப்பது தப்படிக்கு வரும்போதே மொத்தமாக எழும்பிப் போயின.

அந்த வாரமே ஒரு லாரியில் கிளம்பிவிட்டேன். போகிறேன் என்று முதலாளியிடம் மட்டும் சொன்னேன்.

பத்து வருஷம் கழித்து, எண்பதுகளின் முடிவில், செங்கல் லோடோடு திருமலைராயன்பட்டினத்துக்கு வந்தேன். லோடு இறக்க அரை நாள் ஆகும் என்றார் டிரைவர். விசாரித்துக்கொண்டு போனேன். அக்கா வீட்டு வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். முட்டி இரண்டும் வீங்கியிருந்தன. யாரென்று தெரிய வைத்த பிறகு, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கீரையைக் கீழே வைத்தார்.

"டீ கீ வாங்கிக் குடுத்தானா?"

"இல்லக்கா. சார்னு கூப்புட்டான்."

"சார்னு கூப்புட்டானா." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "எந்திரிக்கக் கை குடுங்க."

அக்கா என்னைக் குத்தகைக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். குத்தகைக்காரர் இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மகன் வீட்டில் இருந்தார். நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்பா காலத்துப் பேச்சுங்க. இப்ப யாரு தடுக்குறா? எறங்கித் தடவிக்கிடுங்கக்கா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் எப்பவோ சொல்லியிருப்பனே."

"கேட்டா, செஞ்சுட்டு மன்னிப்புக் கேக்கறதா ஆயிடும்னு கேக்கலை. இப்பவும் எறங்கறதுக்குக் கேக்க வரலை. காலு ஒத்துக்காது. நான் சொல்லிக் குடுக்கலன்னு இவரு சொன்னாருல்ல, அது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுக்கா."

"அது போதும்" என்றார். ஆனால் தெருவுக்கு வந்ததும் நின்றார்.

"அன்னைக்கு அங்க சிரிச்சவங்க மூணு பேரு தம்பி. ரெண்டு பேரு போயிட்டாங்க. ஒருத்தி நிரவியில மக வீட்டுல கெடக்கிறா. அவதான் ஊரு முச்சூடும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ. காலைல மொத பஸ்ஸுக்குப் போவோம். ஒங்க வாயால அவகிட்ட ஒரு தடவ சொல்லிடுங்க."

"சரிக்கா" என்றேன்.

"ராத்திரி நம்ம வீட்டுலயே சாப்பிடலாம். கீரை இருக்கு."

லாரியில் இருக்கும் துணிப்பையை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். லோடு நினைத்ததைவிடச் சீக்கிரம் இறங்கியிருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தார். தங்கினால் அந்த லாரி வேலை போய்விடும், வேறு வேலை கிடைக்கப் பத்து நாள் ஆகும். பத்து நாள் பட்டினி எனக்குப் புதிதல்ல. அவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். ஏறிவிட்டேன்.

காரைக்காலுக்கு முன்னால் நிரவிக்குத் திரும்பும் சாலை வந்தது. இன்னும் இருட்டவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்காக வண்டி அங்கே கொஞ்ச நேரம் நின்றது. நான் இறங்கவில்லை.